மூட்டையக்காவும் விடாப்பிடி ஃபைலும்

மூட்டையக்கா என்ற பெயரை ஆரம்பித்து வைத்தது அவருடைய நாத்தனார். இரண்டு நாள் தங்கிவிட்டுப் போக வந்த அண்ணி, பையைத் திறந்து தலையணை, குளிக்கிற மக்கு, சோப்பு, நகவெட்டி, ஒரு மின்சார பல்பு என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் பரப்பினால் யாருக்குத்தான் வாய் சும்மா இருக்கும்?

"ஏன் அண்ணி, எங்க வீட்டுல பல்புகூட எரியாதுன்னு நெனச்சிட்டீங்களா?"

"எரியும்மா. எரியுமான்னு நான் ஏன் வழியெல்லாம் யோசிச்சிக்கிட்டு வரணும்? அதான் எடுத்துட்டு வந்துட்டேன்."

அன்றைக்கு மூட்டை அண்ணி ஆனவர், அக்கம்பக்கத்துக்குப் போய், வாடிக்கையாளர்களுக்கும் போய், மூட்டையக்கா ஆனார். இப்போது போனை எடுத்தாலே "மூட்டையக்கா பேசறேன், சொல்லுங்க" என்பதுதான். கணவர் நேர் எதிர். ஊருக்குப் போனால் கையை வீசிக்கொண்டு போவார். கேட்டால் "அங்க கெடைக்கும்" என்பார். ஒரு தடவை அங்கே கிடைக்காமல் மூட்டையக்காவின் பல்துலக்கியைக் கடன் கேட்டார். "கெடைக்கும்னு சொன்னீங்களே, தேடுங்க" என்று ஒரு நாள் முழுக்க அலையவிட்டுவிட்டுத்தான், பையில் அவருக்கென்றே வைத்திருந்த புதுசை எடுத்துக் கொடுத்தார்.

தொழில் என்ன என்றால், கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுவது. போனில் ஓடுகிறது, இணையத்தில் ஓடுகிறது என்கிற ரகமெல்லாம் இல்லை. மேசையில் ஒரு கம்ப்யூட்டர், அதில் ஒரு சின்னப் படம், அதை இரண்டு தட்டுத் தட்டினால் ஒரு ஜன்னல் திறக்கும், அதற்குள் வேலை நடக்கும். அந்த ரகம். "இன்னுமா அக்கா இதையெல்லாம் எழுதறீங்க?" என்று கேட்பவர்கள் உண்டு. "நீ இன்னும் நாற்காலியிலதான உக்கார்ற?" என்று திருப்பிக் கேட்பார். விதைப் பரிசோதனை நிலையம், பஸ்ஸுக்குக் கூடு கட்டும் பட்டறை, செயற்கைக் கால் செய்யும் கூடம் என்று பதினொரு இடங்களில் அவர் எழுதியதுதான் ஓடுகிறது. இருபத்தெட்டு வருஷமாக இதுதான் தொழில்.

மூட்டை கட்டும் பழக்கம் வந்ததும் தொழிலில்தான், வீட்டில் இல்லை. இருபத்து மூன்று வயதில் முதல் புரோகிராமை ஒரு ஃப்ளாப்பித் தட்டில் பதிந்து எடுத்துக்கொண்டு, ஆறு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து, அந்த விதைப் பரிசோதனை நிலையத்துக்குப் போய் இறங்கினார். பதினைந்து பேர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சுற்றி உட்கார்ந்தார்கள். இவர் இரண்டு தட்டுத் தட்டினார். ஜன்னல் திறக்கவில்லை. இன்ன லைப்ரரி இந்தக் கம்ப்யூட்டரில் இல்லை என்று ஒரு வரி மட்டும் வந்து நின்றது. லைப்ரரி என்றதும் புத்தக அலமாரியை நினைக்க வேண்டாம். படம் காட்டுவது, அச்சடிப்பது மாதிரியான பொது வேலைகளை வேறு யாரோ எழுதி வைத்திருப்பார்கள். நம் புரோகிராம் அதை அந்தந்த நேரத்துக்குக் கூப்பிட்டு வேலை வாங்கிக்கொள்ளும். கூப்பிடுகிற இடத்தில் அது இருக்க வேண்டும், அவ்வளவுதான். இவருடைய வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்தது. அங்கே இல்லை.

"வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டியாம்மா?" என்றார் நிலையத்தின் தலைவர். பதினைந்து பேரும் சிரித்தார்கள். காது மடல் சுட, தட்டைப் பையில் போட்டுக்கொண்டு மறுபடி ஆறு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்தார். அழவில்லை. கோபம்தான் வந்தது, அதுவும் தன் மேலேயே. அன்றிலிருந்து அவர் எழுதும் எந்தப் புரோகிராமும் வெறுங்கையோடு வீட்டை விட்டுக் கிளம்பியதில்லை. வேண்டிய லைப்ரரி எல்லாவற்றையும் உள்ளேயே வைத்துக் கட்டி, ஒரே ஃபைலாக்கித்தான் கொண்டுபோவார். போகிற இடத்தில் தண்ணீர்கூட கேட்காது அது.

அப்படிக் கட்டாமல் விட்டது ஒரே ஒரு இடத்தில்தான், செயற்கைக் கால் கூடத்தில். அங்கிருந்த கம்ப்யூட்டரில் எல்லா லைப்ரரியும் யார் புண்ணியத்திலோ ஏற்கனவே இருந்தன. பத்து வருஷம் சத்தமில்லாமல் ஓடியது. பிறகு ஒரு நாள் அந்தக் கம்ப்யூட்டர் ஒரேயடியாகப் படுத்துவிட, புதிது வாங்கினார்கள். பழையது காயலான் கடைக்குப் போயிற்று. புதிதில் ஒரு லைப்ரரியும் இல்லை. "அதனால என்ன?" என்று மூட்டையக்கா ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் மூட்டை கட்டி, புதன்கிழமை கொண்டுபோய் வைத்துவிட்டு, பெருமையாக வீடு திரும்பினார்.

வியாழக்கிழமை காலை எட்டே முக்காலுக்குப் போன் வந்தது. கூடத்தின் மேனேஜர். முப்பது வயசுக்காரர், பேச்சில் எப்போதும் ஒரு பதற்றம்.

"மேடம், சேவ் ஆக மாட்டேங்குது. ஃபைலை வேற யாரோ யூஸ் பண்றாங்கன்னு சொல்லுது. இங்க யாருமே யூஸ் பண்ணல மேடம்!"

"இருங்க தம்பி, வர்றேன். பதறாதீங்க. யாரு புடிச்சு வெச்சிருக்கான்னு பாத்து கையத் தட்டிவிட்டா விட்டுட்டுப் போறான்."

பூட்டிக்கொண்ட ஃபைல் என்றால் மூட்டையக்காவுக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. ஒரு ஃபைலை ஒரு புரோகிராம் திறந்து கையில் வைத்திருக்கும்போது, இன்னொன்று வந்து அதில் எழுத முடியாது. வைத்திருப்பவன் விட வேண்டும். யார் அந்த வைத்திருப்பவன் என்பதுதான் கேள்வி. இருபத்தெட்டு வருஷத்தில் பத்துக்கு ஒன்பது தடவை ஆன்டிவைரஸாக இருக்கும், இல்லையென்றால் பேக்கப்பாக இருக்கும். ஒன்பதரைக்கே கூடத்துக்குப் போய்விட்டார்.

கூடம் என்றால் வரிசையாக மூன்று அறைகள். முதல் அறையில் ஆட்கள் வந்து உட்காருவார்கள். இரண்டாவதில் அளவு எடுக்கும் ஸ்கேனரும் கம்ப்யூட்டரும். மூன்றாவதில் செதுக்கும் மெஷின். அது வெள்ளை நுரைக் கட்டையைச் சுழற்றிச் சுழற்றிச் செதுக்கித் தள்ளுவதால் எங்கே பார்த்தாலும் வெள்ளைத் தூள், ஜன்னல் கம்பி வரைக்கும். அந்தத் தூளுக்கு நடுவே தலையும் மீசையும் வெளுத்து நின்றுகொண்டிருந்தார் கூடத்தின் முக்கியமான ஆள். எல்லோரும் அவரைச் சிற்பி என்றுதான் கூப்பிடுவார்கள். இருபது வருஷமாக அங்கே கால் செய்கிறவர்.

"வாங்கக்கா. இந்த ஆளோட சாக்கெட்டு இன்னைக்கே ஆகணும்" என்றார் சிற்பி.

சாக்கெட் என்பது, வெட்டுப்பட்ட காலின் மிச்சம் உள்ளே போய் உட்காருகிற கூடு. அது சரியாக இருந்தால்தான் மற்றதெல்லாம். இன்றைக்குச் செய்ய வேண்டியது ஒரு டிக்கெட் பரிசோதகருக்கு. ரயிலில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவர். கால் போன பிறகும் செயற்கைக் காலோடு ஆறு வருஷம் பெட்டி பெட்டியாக நடந்து டிக்கெட் பார்த்தவர். போன வருஷம் மிச்சக் கால் சூம்பி, பழைய சாக்கெட் லொடலொடத்து, உரசி, புண்ணாகிவிட்டது. புண் ஆறிவிட்டது, ஆனால் மேலிடத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நாளைக்குக் காலை பத்து மணிக்கு டாக்டர்கள் முன்னால் நடந்து காட்ட வேண்டும். நொண்டினால் ரயில் கிடையாது. ரிக்கார்டு அறையில் ஒரு மூலையில் உட்கார்ந்து, ஓய்வு பெறும் வரை பழைய காகிதத்துக்கு நூல் கட்ட வேண்டியதுதான்.

"நாலு மணிக்கு வந்து போட்டுப் பாப்பாரு. மெஷின் செதுக்க ஒன்றரை மணி. மேல பிளாஸ்டிக் இழுத்து ஆற வைக்க ரெண்டு மணி. பன்னெண்டுக்குள்ள மெஷின் ஓட ஆரம்பிக்கணும். இல்லேன்னா..." சிற்பி கைத் தூளைத் தட்டினார்.

"இல்லேன்னாங்கற பேச்சே வேணாம். நகருங்க சிற்பியாரே" என்று மூட்டையக்கா நாற்காலியை இழுத்துப் போட்டார்.

முதலில் ஆன்டிவைரஸை நிறுத்தினார். சிற்பி அளவைத் திருத்தி, சேமி என்று தட்டினார். ஃபைல் வேறொரு புரோகிராமின் பயன்பாட்டில் உள்ளது. பேக்கப்பை நிறுத்தினார். சிற்பி தட்டினார். அதே வரி. கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்டார். மறுபடி அதே வரி, அட்சரம் பிசகாமல்.

"வேற பேருல சேவ் பண்ணிட்டா என்ன மேடம்?" என்றார் பின்னால் நின்ற மேனேஜர்.

"அந்த வழிய நான்தான் தம்பி அடைச்சேன். மறந்துட்டீங்களா? வேற வேற பேருல சேவ் பண்ணி, ஒருத்தருக்கு வலது காலுக்குப் பதிலா இடது கால் செஞ்சீங்களே."

மேனேஜர் வாயை மூடிக்கொண்டார். ஆனால் கடிகாரத்தை மூடிக்கொள்ள முடியுமா? பத்தரை ஆகிவிட்டது.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். எந்த ஃபைலை யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று பெயரோடு காட்டிக்கொடுக்கிற ஒரு சின்னக் கருவி மூட்டையக்காவின் பையில் எப்போதும் உண்டு. ஒன்பதரைக்கே அதை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. ஏனென்றால் அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே! ஊரில் இருக்கிற அத்தனை பேரையும் சந்தேகப்பட்டு முடித்த பிறகுதான் பைக்குள் கையை விட்டார். கருவி ஓடியது. ஒரே ஒரு பெயரைக் காட்டியது. மூட்டையக்கா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அதே பெயர்தான். அவருடைய புரோகிராமின் பெயர்.

"யாருக்கா அது?" என்றார் சிற்பி.

"நான்தான்."

திறப்பதும் இவருடைய புரோகிராம், எழுதப் போவதும் அதே புரோகிராம். ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் கேட்டால் எப்படிக் கிடைக்கும்? ஆனால் இவர் எழுதிய வரிகளில் திறந்த ஃபைலைத் திறந்த கையோடு மூடியிருக்கிறார். மடிக்கணினியை எடுத்து அந்த இடத்தைப் பார்த்தார். மூடித்தான் இருக்கிறது. நேற்று வீட்டில் நாற்பது தடவை சேமித்துப் பார்த்துவிட்டுத்தானே கொண்டுவந்தார்?

"இதப் பாருங்க, எங்கிட்ட ஓடுது!" என்று மடிக்கணினியில் தன் மாதிரி ஆளின் ஃபைலைத் திறந்தார். ஒவ்வொரு தடவையும் சோதித்துப் பார்க்க அவர் வைத்திருக்கும் ஆள் அது. பெயர் கிடையாது, ஒன்றாம் நம்பர் என்று மட்டும் இருக்கும். வலது கால், முழங்காலுக்குக் கீழே. அளவை மாற்றினார், சேமித்தார். சமர்த்தாகச் சேமித்துக்கொண்டது.

சிற்பி எட்டிப் பார்த்தார். முகம் சுளித்தார்.

"யாருக்கா இது? மூஞ்சியே இல்ல?"

மூட்டையக்காவின் விரல் அப்படியே நின்றது. மெல்லத் திரும்பிக் கூடத்தின் கம்ப்யூட்டரைப் பார்த்தார். அங்கே திரையின் இடது பக்கத்தில், உள்ளங்கை அகலத்துக்கு, டிக்கெட் பரிசோதகரின் முகம். ஒல்லியான கன்னம், வகிடு எடுத்து வாரிய நரைமுடி, புகைப்படத்துக்கு என்று சிரிக்காமல் அடக்கிவைத்த சிரிப்பு.

"சிற்பியாரே, இந்தப் படத்த எப்பவுமே தொறந்தா வெச்சிருப்பீங்க?"

"ஆமா. கட்டைய மெஷினுக்கு அனுப்பற வரைக்கும் மூடமாட்டேன்."

பிடிபட்டுவிட்டது. ஒரு ஆளின் அளவு, ஸ்கேன், முகம் எல்லாவற்றையும் ஒரே ஃபைலுக்குள் கட்டி வைத்தது மூட்டையக்கா. படத்தைத் திரையில் காட்டுகிற லைப்ரரியையும் உள்ளே கட்டி வைத்தது மூட்டையக்கா. பழைய கம்ப்யூட்டரில் யாரோ போட்டு வைத்திருந்தது அந்த லைப்ரரியின் பழைய பதிப்பு. அது படத்தை ஒரு தடவை பார்த்து மனப்பாடம் செய்துகொண்டு ஃபைலை விட்டுவிடும். இவர் இப்போது தேடிப் பிடித்துக் கட்டிக்கொண்டு வந்தது புதுப் பதிப்பு. அது படம் திரையில் இருக்கிற வரை ஃபைலை விடவே விடாது. முகம் திறந்திருந்தால் அளவைச் சேமிக்க முடியாது. வீட்டிலோ, இவர் சோதித்துப் பார்த்த ஆளுக்கு முகமே கிடையாது. பத்து வருஷமாகக் கால் செய்கிறவர்களுக்குப் புரோகிராம் எழுதுகிறார், ஒரு தடவைகூட ஒரு முகத்தைப் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது.

"தப்பு என்னோடதுதான்" என்று இரண்டு பேரையும் பார்த்துச் சொன்னார்.

மேனேஜருக்கு உயிர் வந்தது. "அவ்வளவுதானா மேடம்? படத்த மூடிட்டா சேவ் ஆயிடும்ல? மூடிட்டு வேலையப் பாருங்கண்ணே. மிச்சத்த மேடம் வீட்டுல போய் நிதானமாச் சரி பண்ணிக்கட்டும்."

"மூட முடியாது" என்றார் சிற்பி.

"மணி பதினொண்ணு பத்துண்ணே!"

"தம்பி, இங்க வா. இவரு மூஞ்சியப் பாரு. இவரு பொறுத்துக்கிற ஆளு. போன தடவ சாக்கெட்ட மாட்டிவிட்டு, எப்படி இருக்கு சார்னு கேட்டேன். நல்லா இருக்குன்னாரு. கழட்டிப் பாத்தா ரத்தம். அளவெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. ஆனா இவரு வலிச்சாலும் சொல்ல மாட்டாரு, அதனால நான்தான் அந்த எலும்பு முனைக்கு அரை மில்லிமீட்டர் கூட விடணும். இந்த மாதிரி ஒவ்வொருத்தருக்கும் ஒண்ணு இருக்கு. மூஞ்சியப் பாத்துக்கிட்டே இருந்தாத்தான் எனக்குக் கை சொல்லும். திருத்துவேன், சேவ் பண்ணுவேன், சுத்திப் பாப்பேன், மறுபடி திருத்துவேன். இருபது தடவ மூடி மூடித் தொறக்கச் சொல்றியா?"

மேனேஜர் மூட்டையக்காவைப் பார்த்தார். ஒரு வார்த்தை அவர் சொன்னால் சிற்பி மூடியிருப்பார், அது எல்லோருக்கும் தெரியும். முகத்தை மூட மாட்டேன் என்று சிற்பி ஒற்றைக் காலில் நிற்கிறார் என்று சொல்ல வருகிறது, இந்தக் கூடத்தில் அந்தச் சொல்லை யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

"படம் அப்படியே இருக்கட்டும். இருபது நிமிஷம் குடுங்க" என்றார் மூட்டையக்கா.

"மேடம், பன்னெண்டுக்குள்ள..."

"தம்பி, நீங்க போய் எனக்கு ஒரு டீ வாங்கிட்டு வாங்க. அது உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

மடிக்கணினியைத் தொடையில் வைத்துக்கொண்டார். ஃபைலிலிருந்து படத்தை முழுசாக நினைவுக்குள் நகல் எடு, ஃபைலை மூடு, பிறகு அந்த நகலைத் திரையில் காட்டு. எழுதினால் நான்கு வரி. எழுதினார். பிறகு ஒன்றாம் நம்பர் ஆளுக்கு ஒரு முகம் வேண்டுமே? மடிக்கணினியில் இருந்த ஒரே முகம் கணவருடையது, வாயைத் திறந்துகொண்டு பஸ்ஸில் தூங்குகிற படம். அதைப் போட்டார். முகம் திரையில் இருக்கும்போதே சேமித்தார். சேமித்தது. பத்துத் தடவை சேமித்தார். கணவர் தூங்கிக்கொண்டே இருந்தார், ஃபைல் ஒரு தடவைகூட முரண்டு பிடிக்கவில்லை. மறுபடி எல்லாவற்றையும் மூட்டை கட்டி, கூடத்துக் கம்ப்யூட்டரில் கொண்டுபோய் வைக்கப் போனால், முடியாது என்றது. ஃபைல் வேறொரு புரோகிராமின் பயன்பாட்டில் உள்ளது.

மேனேஜர் டீ தம்ளரோடு அப்படியே நின்றுவிட்டார்.

"மூச்ச விடுங்க தம்பி. பழைய புரோகிராம் ஓடிக்கிட்டு இருக்கறப்ப அது மேலயே புதுச எப்படி வைக்கறது? சிற்பியாரே, ஒரே ஒரு நிமிஷம். அவர மூடுங்க."

"ஒரு நிமிஷம்தான்" என்று சிற்பி மூடினார். மூட்டையக்கா வைத்தார். சிற்பி திறந்தார். ஒல்லிக் கன்னமும் நரைமுடியும் இடது பக்கம் வந்து உட்கார்ந்தன. சிற்பி முகத்தைப் பார்த்தார், காலின் உருவத்தைத் திருப்பினார், எலும்பு முனையில் அரை மில்லி கூட்டினார், சேமி என்று தட்டினார். ஒரு வரியும் வரவில்லை. திருப்பினார், தட்டினார். திருப்பினார், தட்டினார். பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு மூன்றாவது அறையில் மெஷின் உறும ஆரம்பித்தது. கதவிடுக்கு வழியாக வெள்ளைத் தூள் பறந்து வந்து ஆறிப்போன டீயில் விழுந்தது. மூட்டையக்கா அதைப் பார்க்காமல் குடித்துவிட்டார்.

நான்கு மணிவரை அவரால் இருக்க முடியவில்லை. பஸ் பட்டறையில் ஒரு வேலை காத்திருந்தது. மறுநாள் மத்தியானம் மேனேஜர் போன் செய்து, சிற்பி சொல்லச் சொன்னதாக ஒரே வாக்கியம் சொன்னார்: "நடந்துட்டாராம் மேடம்." மூட்டையக்கா "சரி தம்பி, வெச்சிடட்டுமா" என்று வைத்துவிட்டு, சமையலறைக்குப் போய், காரணமில்லாமல் கணவரின் முதுகில் ஓங்கி ஒன்று போட்டார். "எதுக்குடி?" என்றவருக்கு, "உங்க மூஞ்சி நேத்து ஒரு நல்ல காரியத்துக்கு உதவுச்சு" என்று மட்டும் பதில் கிடைத்தது. இன்றைக்கும் ஒன்றாம் நம்பர் ஆளுக்கு அந்தத் தூங்குமூஞ்சிதான்.

நான்கு மாதம் கழித்து, விதைப் பரிசோதனை நிலையத்துக்குப் போக மூட்டையக்கா ரயிலில் உட்கார்ந்திருந்தார். மடியில் அதே பை. முற்பகல் வெயில் ஜன்னல் வழியாகப் பெட்டியை வரி வரியாகக் கோடு போட்டிருந்தது. பெட்டியின் அந்தக் கோடியிலிருந்து "டிக்கெட்" என்ற குரல் கேட்டது. தலையைத் தூக்கிப் பார்த்தார்.

ஒல்லியான கன்னம். வகிடு எடுத்து வாரிய நரைமுடி.

அவருக்கு மூட்டையக்காவைத் தெரியாது. பார்த்ததே இல்லை. மூட்டையக்காவுக்கு அந்த முகத்தில் மூக்கின் பக்கத்து மச்சம் வரைக்கும் அத்துப்படி. பரிசோதகர் ஒவ்வொரு வரிசையாக நின்று, குனிந்து, வாங்கிப் பார்த்து, திருப்பிக் கொடுத்து, வந்துகொண்டிருந்தார். வலது காலா, இடது காலா? ஃபைலில் பார்த்தது மறந்துவிட்டது, நடையைப் பார்த்தும் மூட்டையக்காவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"டிக்கெட்டும்மா."

மூட்டையக்கா பைக்குள் கையை விட்டார். தலையணை, மக்கு, சோப்பு, மடிக்கணினி, கணவருக்கான பல்துலக்கி, பல்பு. டிக்கெட்டைக் காணோம். உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் எடுத்து வைத்தவருக்கு ஒரு டிக்கெட்டை எங்கே வைத்தோம் என்று தெரியவில்லை. ரயில் ஒரு வளைவில் திரும்பியது. நடுவழியில் நின்றிருந்த இரண்டு பேர் தடுமாறி மேல் கம்பியைப் பிடித்தார்கள். பரிசோதகர் எதையும் பிடிக்கவில்லை. அடக்கிவைத்திருந்த சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னார்:

"மெதுவாத் தேடுங்கம்மா. ஒண்ணும் அவசரம் இல்ல, நான் நிக்கிறேன்."

பல்புக்கு அடியில் டிக்கெட் விரலில் தட்டுப்பட்டுவிட்டது. ஆனாலும் மூட்டையக்கா இன்னும் கொஞ்ச நேரம் தேடினார்.